நடுவில் சாப்பிடுகிறவன்

குழாய்ச் சாமான் கடைக்குப் பிளம்பர் தர வேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூற்று அறுபது. சுவரில் ஓட்டை போடும் மெஷினைக் கடனுக்கு எடுத்த வகையில் வந்தது. மெஷின் மூன்றாம் மாதமே புகைந்து செத்துப்போனது. பாக்கி மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

அந்தக் கடை வாசலில்தான் இப்போது மனைவியோடு நின்றார்.

"சொந்த வீட்டுக்கு வாங்க வரும்போதுகூட அந்தப் பென்சிலைக் காதுல சொருகிட்டுத்தான் வரணுமா?" என்றாள் மனைவி.

"அது இல்லைன்னா தலை ஒரு பக்கமா சாயுதும்மா."

"சாயட்டும். எட்டு வருஷமா சாஞ்ச குழாயோட நான் குடித்தனம் நடத்தல?"

அதோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவள் பேச்சை நிறுத்தினால் சாயங்காலம் வரை திறக்காது என்பது பிளம்பருக்குத் தெரியும். அந்த ஒரு வால்வைப் பழுதுபார்க்க மட்டும் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் குழாயைத் திருகினாலும் அது பிளம்பர் மாட்டிய குழாய். அவர் வீட்டுக் குளியலறையில் மட்டும் ஒரே ஒரு குழாய், அதுவும் கழுத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டியவன் போல நின்றது. கீழே ஒரு வாளி, ஒரு குவளை. ஊரெல்லாம் குனிந்து வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் குனிய இடுப்பு ஒத்துழைப்பதில்லை.

இப்போது மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு மகள் வீடு. குனியக் கூடாது, உட்கார்ந்து எழக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் ஷவரில்தான் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவி அன்று காலையில் ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்திருந்தாள். "அம்மா வர்றதுக்குள்ள பாத்ரூம் முடியலைன்னா, அம்மாவைக் கூட்டிட்டு நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். நீங்க வாளியோட சந்தோஷமா இருங்க."

கடைக்குள் போவதற்கு பாக்கிக்காரனுக்கென்று ஒரு நடை இருக்கிறது. முதலாளி மேஜைப் பக்கம் திரும்பாமல், கூரையில் தொங்கும் பைப்புகளை ஆராய்ந்துகொண்டே போகிற நடை. அப்படித்தான் பிளம்பர் போனார். ஆனால் முதலாளி நல்ல மனிதர். பாக்கியைப் பற்றி வாய் திறந்ததில்லை. அது மட்டுமா, மாசக் கடைசியில் கூப்பிட்டு, "வெச்சுக்குங்க" என்று ஒரு கவரும் கொடுப்பார். அந்தக் கவர் எங்கிருந்து வருகிறது என்று பிளம்பர் யோசித்ததே இல்லை. மழை எங்கிருந்து வருகிறது என்று நனைகிறவன் யோசிப்பதில்லை. இரண்டு மாதமாக அவருக்குப் பெரிய வேலையும் இல்லை, கவரும் இல்லை.

பில் போடுகிற ஆளுக்குக் கடையில் 'கால்குலேட்டர்' என்று பெயர். பேசும்போதும் விரல்கள் மேஜையில் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். அவர் பிளம்பரின் மனைவியை இதற்கு முன் பார்த்ததில்லை. அவளும் அந்தக் கடையைக் கணவனின் சட்டை வாசனையாக மட்டுமே அறிந்திருந்தாள்.

"வாங்க மேடம், உக்காருங்க. அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்கப்பா" என்று எழுந்தார் கால்குலேட்டர்.

"நம்ம வீட்டுக்குத்தான்ப்பா. பாத்துப் போடு" என்றார் பிளம்பர்.

"நீங்க என்னிக்குண்ணே வேத்து வீடுன்னு சொல்லியிருக்கீங்க?" என்று கால்குலேட்டர் சிரித்தார். "மேடம், உங்களுக்கு எந்த மாடல் பிடிச்சிருக்கு?"

"அவர்கிட்டயே கேளுங்க. அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி.

வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர், தலைக்கு மேல் ஒரு ஷவர், கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஷவர், வாஷ்பேசினுக்கு ஒரு குழாய். எல்லாம் ஒரே செட். பளபளவென்று இருந்தது. கால்குலேட்டர் பிளம்பரின் தலையை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டினார்.

"முப்பத்தெட்டாயிரத்து முந்நூத்தி அம்பது."

இதுபோன்ற விலைகளைப் பிளம்பர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரிடம், "தரத்துக்கு விலை உண்டு சார், தண்ணி விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது" என்று அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார். தன் சட்டைப்பையை நோக்கி அந்த விலை நடந்து வருவது இதுதான் முதல் முறை.

"என்னப்பா இது! குழாயா, குதிரையா?"

கால்குலேட்டர் தன் வலது காதைத் தொட்டுக்கொண்டார். கண்ணைச் சிமிட்டினார்.

"எதுக்குக் கண்ணடிக்கறே? விலையைச் சொல்லு."

கால்குலேட்டர் மறுபடியும் காதைத் தடவினார், இந்த முறை கொஞ்சம் பதற்றமாக.

"காதுல என்ன, எறும்பு பூந்துடுச்சா?" பிளம்பருக்குக் குரல் ஏறிவிட்டது. "எத்தனை வருஷமா இந்தக் கடைக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்! எனக்கே இந்த விலையா? இதுக்குள்ள என்ன இருக்கு? பித்தளை, ரப்பர், மேல கொஞ்சம் பாலிஷ். நடுவுல எவனோ உக்காந்து சாப்பிடறான். அவன் மூஞ்சியை நான் ஒரு தடவை பாக்கணும்!"

முதலாளி மேஜையிலிருந்து இருமினார். அவர் முகத்திலோ கால்குலேட்டர் முகத்திலோ கோபத்தைக் காணோம். நல்ல நாடகம் பார்க்கிறவர்கள் போல இருந்தார்கள். அது பிளம்பரை இன்னும் எரியவைத்தது. மனைவியை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சாயங்காலம் சகலை வந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஓர் ஆபீசில் நாற்காலி காலியாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. மிச்ச நேரமெல்லாம் போனில் வெளிநாட்டுச் சாமான் வாங்குவார். அவர் வீட்டில் பேசுகிற டார்ச் ஒன்றும், இடுப்பைப் பிடித்துவிடும் பெல்ட் ஒன்றும் உண்டு. டார்ச் பேசும், எரியாது. பெல்ட் பிடிக்கும், விடாது.

சகலைக்கு இதில் ஓர் அவசரமும் இருந்தது. இங்கே குளியலறை முடியாவிட்டால் மாமியார் வந்து இறங்கப்போவது அவர் வீட்டில்.

"எவ்வளவு சொன்னான்? முப்பத்தெட்டா? இருங்க." போனைத் தேய்த்தார். "இதானே? நல்லா பாருங்க. அதே மிக்சர். அதே ஷவர். எவ்வளவு போட்டிருக்கு?"

பிளம்பர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். ஆறாயிரத்து இருநூறு.

"முழு செட்டுமா?"

"முழு செட்டும். தயாரிக்கிற இடத்துலேர்ந்து நேரா உங்க வீட்டுக்கு. நடுவுல ஒருத்தன் கிடையாது!"

நடுவில் ஒருத்தன் கிடையாது என்ற சொல் பிளம்பரின் காதில் தேனாகப் பாய்ந்தது. இனிமேல் தொடங்கவேண்டிய ஒரு மாடிவீட்டு வேலைக்கு வாங்கிவைத்திருந்த முன்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். சகலை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், பிளம்பர் இறக்குமதியாளர் ஆகிவிட்டார்.

மறுநாள் கடைவீதியில் நடக்கும்போது நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் போனது.

நாலாம் நாள் விற்றவனிடமிருந்து செய்தி வந்தது. ஏதோ ஒரு மெஷின் தமிழாக்கியிருந்தது. 'அன்பான நண்பரே, உங்கள் குழாய் மகிழ்ச்சியோடு பயணிக்க விரும்புகிறது. பயணத்தின் செலவை அன்போடு அனுப்பவும்.'

"குழாய்க்கு என்னய்யா மகிழ்ச்சி?" என்றார் பிளம்பர்.

"அது வேற ஒண்ணுமில்ல, கப்பல் கூலி. கனமான சாமான்ல அப்படித்தான் கேப்பான்."

"முதல்லயே சொல்லலையே."

"முதல்லயே சொன்னா யாரு வாங்குவா? கூலி ஆறாயிரம். அதுவும் இதுவும் பன்னிரண்டு. அப்பவும் முப்பத்தெட்டுக்கு உள்ளதானே இருக்கோம்!"

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சகலை பிறகு பல தடவை சொல்ல வேண்டியிருந்தது.

குழாய் கடலில் வந்துகொண்டிருந்த நாட்களைப் பிளம்பர் வீணாக்கவில்லை. சுவரை உடைத்து, வெந்நீருக்கும் தண்ணீருக்கும் பைப் இழுத்து, மிக்சர் உட்காரும் இரண்டு வாய்களையும் ஆறு அங்குல இடைவெளியில் வைத்து, சிமெண்ட் பூசி, டைல்சும் ஒட்டிவிட்டார். பென்சிலால் கோடு போட்டு, நீர்மட்டம் பார்த்து, தலைமுடி அளவுகூடப் பிசகாமல் செய்தார். பழைய குழாயையும் கழற்றி எறிந்தாயிற்று. மனைவி அடுக்களையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து வந்து குளித்தாள்.

"முன்னாடி ஒரு குழாயாவது இருந்துச்சு" என்றாள்.

"வரப்போறது என்ன குழாய்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். கப்பல்ல வர்ற குழாய். நானும் அது வர்ற வரைக்கும் துறைமுகத்துலயே போய்க் குளிச்சிடட்டுமா?"

குழாய் துறைமுகத்துக்கு வந்தது. வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நேரில் வரச்சொல்லித் தகவல் வந்ததும் பிளம்பர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போனார். நீளமான கட்டடம், நீளமான வரிசை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரி.

"வியாபாரமா, சொந்த உபயோகமா?"

"பிளம்பர் சார்."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்ல. சரி, பெட்டி மேல பரிசுன்னு எழுதியிருக்கே?"

வரி குறையும் என்று அப்படி எழுதச் சொன்னது சகலையின் மூளை.

"ஆமா சார், பரிசு."

"யாரு அனுப்பினது? அந்த ஊர்ல உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல சார்."

"யாருமில்லாதவர் உங்களுக்கு எதுக்குக் குழாய் அனுப்பறார்?"

பிளம்பர் யோசித்துப் பார்த்தார். "நல்லவரா இருப்பார் சார்" என்றார்.

அதிகாரி ஒரு சீட்டில் எழுதினார். பொய்த் தகவலுக்கு அபராதம். அதன்மேல் வரி. வரிக்கு ஒரு வரி. தண்ணீர் வரும் சாமான் என்பதால் அதில் ஈயம் கலந்திருக்கிறதா என்று பரிசோதனை, அதற்கொரு கட்டணம். பரிசோதனை முடியும் வரை கிடங்கில் வைத்திருக்க நாள் வாடகை. மொத்தமாகப் பார்த்தால் அது பிளம்பரின் தெருவில் ஒரு வீட்டு மாத வாடகையை விட அதிகம். இத்தனை காகிதத்தையும் அவரால் தனியாக நிரப்ப முடியாது என்று தெரிந்து பக்கத்தில் வந்து நின்றார் ஒரு ஏஜெண்ட். அவருக்கு ஒரு கூலி. ஏஜெண்டின் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கும் ஒரு டீ.

வீட்டுக்கு வந்து பிளம்பர் சகலையைப் பிடித்தார். "கடைல நடுவுல ஒருத்தன்தான் சாப்பிட்டான்யா. இங்க ஒரு பந்தியே உக்காந்திருக்கு. ஆளாளுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வேற!"

"மொத்தம் எவ்வளவாச்சு?"

"இருபத்தி அஞ்சைத் தாண்டிடுச்சு."

சகலை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். "முப்பத்தெட்டுக்கு உள்ளதானே..."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னீங்கன்னா உங்க இடுப்பு பெல்ட்டை எடுத்துக் கழுத்துல மாட்டிவிடுவேன்."

மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "என்ன மாப்பிள்ளை, குழாய் வந்துடுச்சா? இல்ல இன்னும் கப்பல்லயே குளிச்சிட்டிருக்கா?"

"வந்துடுச்சு அத்தை. பரிசோதனைல இருக்கு."

"அதுக்கும் ஆபரேஷனா? யாரு முதல்ல வீட்டுக்கு வர்றோம்னு பாக்கலாம்."

குழாய்தான் முதலில் வந்தது, நாலு நாள் வித்தியாசத்தில். பெட்டியைப் பிரித்தபோது உள்ளே தங்கம் போல மின்னியது. சகலை கை தட்டினார். மனைவிகூட எட்டிப் பார்த்தாள். பிளம்பர் மிக்சரை எடுத்துச் சுவரில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்னாச்சு?" என்றார் சகலை.

"வாய் ரெண்டும் எட்டு அங்குலத்துல இருக்கு. நான் ஆறுல வெச்சிருக்கேன்."

"கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா உக்காராதா?"

"இது என்ன பனியனா?"

அந்த நாட்டில் எட்டு. இங்கே ஆறு. இருபது வருடமாகக் குழாய் மாட்டுகிற மனிதர், ஊரார் வீட்டில் ஒரு நட்டைக்கூட அளக்காமல் வாங்க விடாதவர், தன் வீட்டுக்கு வாங்கும்போது விலையை மட்டும் அளந்திருந்தார்.

புது டைல்சை உடைத்தார். புது சிமெண்டைக் கொத்தினார். எட்டு அங்குலத்துக்கு நகர்த்த வேண்டுமென்றால் பழைய செங்கல்லைத் தோண்ட வேண்டும். தோண்டினார். கோபத்தில் அடித்த அடி கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி, அலமாரியில் இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் ஓர் உளி எட்டிப் பார்ப்பதைக் கண்டாள்.

"யாரது?"

"நான்தான்" என்றது சுவர்.

"அங்கேயே இருங்க. இங்க வந்துடாதீங்க."

அந்த ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார். ஒரு நாள் காயவிட வேண்டும். காய்ந்தது. மிக்சரைத் திருகினார். மூன்று சுற்று சுகமாகப் போனது. நாலாவது சுற்றில் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால், அரை அங்குலக் குழாய்தான், ஆனால் திருகு மறையின் பற்கள் வேறு. இந்த ஊர்ப் பல்லும் அந்த நாட்டுப் பல்லும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன.

நடுவில் போட ஓர் இணைப்பு வேண்டும். பழைய கடைக்குப் போக முகமில்லாமல் சகலையை அனுப்பினார். சகலை வெறுங்கையோடு திரும்பினார்.

"அந்த அளவை இங்க யாரும் போடறதில்லையாம். உங்களைப் பத்தி விசாரிச்சாங்க."

"என்ன கேட்டாங்க?"

"அண்ணன் எப்ப வருவார்னு சிரிச்சுகிட்டே கேட்டாங்க."

பாக்கிக்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று பிளம்பர் நினைத்தார்.

கடைசியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையைக் கடைந்து இரண்டு இணைப்பு செய்துகொண்டார். இரண்டும் கட்டைவிரல் பருமன். கூலி மட்டும் குழாய் விலையில் கால் பங்கு. டேப்பைச் சுற்றி, சணலைச் சுற்றி, பசையைத் தடவி, மூச்சைப் பிடித்து முறுக்கினார். உட்கார்ந்தது. தங்கக் குழாய் சுவரில் கம்பீரமாக நின்றது. மாமியாரை மறுநாள் காலையில் விடுகிறார்கள்.

"நான்தான் முதல்ல திறப்பேன்" என்றார் சகலை. போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே ஷவருக்குக் கீழே போய் நின்றார். "நண்பர்களே, நடுவில் ஒருத்தர்கூட இல்லாமல், நேரடியாக..."

பிடியைத் திருப்பினார். ஷவரிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அடுத்த நொடி லேத் பட்டறை இணைப்பு ஒன்று பறந்து எதிர்ச் சுவரில் மோதியது. பின்னாலேயே வந்த தண்ணீர் சகலையின் வயிற்றில் அறைந்து அவரை மூலையில் உட்காரவைத்தது. அடைத்த ஓட்டையும் திறந்துகொண்டது. அடுக்களையில் டப்பாக்கள் ஒவ்வொன்றாக நீந்தி இறங்கும் சத்தம் கேட்டது.

பிளம்பர் ஓடிப்போய் மாடியில் வால்வை மூடிவிட்டு வந்தார். சகலை மூலையிலேயே உட்கார்ந்து போனிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டிருந்தார்.

"விற்றவனுக்கு எழுதிக் கேளுங்க. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்க" என்றார் பிளம்பர்.

"மறை வேறன்னு நேத்தே எழுதிட்டேன். பதில் வந்துச்சு."

"என்னன்னு?"

"அன்பான நண்பரே, உங்கள் கண்ணீர் எங்கள் கண்ணீர். குழாயை உங்கள் செலவில் அனுப்பவும். அடுத்த குழாயில் பத்து சதவீதம் தள்ளுபடி."

மனைவி வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரை நனைந்திருந்தாள். கையில் ஒரு தகர டப்பா. பக்கத்து வீடுகளுக்கு ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம் அதில்தான் இருந்தது. அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் தப்பித்தது. ஒரு தையல் மெஷின், மோட்டார் வைத்தது, வாங்குவதற்காக மூன்று வருடமாக அவள் சேர்த்துக்கொண்டிருந்தது அது. பிளம்பருக்குத் தெரியும்.

"வேண்டாம்மா" என்றார்.

"வாங்க" என்றாள்.

உடை மாற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். பிளம்பருக்கு முழங்கை உரிந்திருந்தது, விரல் நகம் ஒன்று கறுத்திருந்தது, தலை ஈரம். உடம்பில் காய்ந்திருந்தது காதிலிருந்த பென்சில் மட்டும்தான்.

கடையில் அவர் பாக்கிக்காரன் நடையைக்கூட மறந்துவிட்டார். வாஷ்பேசின் கண்ணாடிகள் வரிசையாக மாட்டியிருந்த பக்கம் போய், யார் முகத்தையும் பார்க்காமல் நின்றுகொண்டார்.

"வாங்க மேடம், வாங்க! நீங்க திரும்பி வருவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் கால்குலேட்டர்.

"அதே செட்டை எடுங்க. முப்பத்தெட்டாயிரத்து முந்நூத்தி அம்பதுதானே?"

"அதேதான் மேடம். உங்களுக்காக ஏத்தல."

மனைவி டப்பாவைத் திறந்து எண்ணி வைத்தாள். பத்தும் இருபதுமாகக் கூட இருந்தன. சிலவற்றில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் நின்ற இடத்திலிருந்தே மனசுக்குள் கணக்குப் போட்டார். அளவு? ஆறு அங்குலம். மறை? உள்ளூர் மறை. வாய்களைப் பழையபடி ஆறுக்கு நகர்த்தி ராத்திரிக்குள் மாட்டிவிடலாம். மாமியார் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து குளிப்பார். எல்லாம் சரிதான். ஆனால் எவனோ நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டானே, இவள் ஊசியும் நூலுமாகச் சேர்த்ததை! அந்தப் பாவியை மட்டும் கையில் கிடைத்தால் கழுத்திலேயே மறை போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு வந்தது.

மனைவி பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க வெளியே போனாள். கை ஷவர் பெட்டி மேஜையிலேயே மறந்துபோயிருந்தது.

அவள் தலை மறைந்ததும் முதலாளி தன் மேஜையிலிருந்து பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். கால்குலேட்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு பிளம்பரிடம் வந்தார். கையைப் பிடித்து எதையோ திணித்தார். நாலு பத்துகள்.

"என்னப்பா இது?"

"மீதி நாப்பதுண்ணே. உங்க பாக்கி பதினோராயிரத்து நானூத்தி அறுபதையும் கழிச்சாச்சு. முதலாளி நோட்டுல கோடு போட்டு அடிச்சிட்டார். இனிமே நீங்க கூரையைப் பாத்துட்டு வர வேண்டாம்."

பிளம்பருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எதுவும் கட்டலையேப்பா?"

கை ஷவர் பெட்டியை எடுத்துப்போக மனைவி திரும்பி வந்திருந்தாள். சுவரிலிருந்த அத்தனை கண்ணாடியிலும் அவள் தெரிந்தாள், கால்குலேட்டரின் முதுகுக்குப் பின்னால், ஓர் அடி தூரத்தில். பாக்கிப் பேச்சை நிறுத்தச் சொல்லிப் பிளம்பர் கண்ணைச் சிமிட்டினார். கால்குலேட்டரும் உற்சாகமாகத் திருப்பிச் சிமிட்டினார்.

"நீங்க எதுக்குண்ணே கட்டணும்? பென்சில் பையில இருந்தா சொந்த விலை, காதுல இருந்தா நீங்க கூட்டிட்டு வந்த பார்ட்டி விலை, அதானே நம்ம கடைக் கணக்கு. அன்னிக்கும் காதுலதான் இருந்துச்சு, இன்னிக்கும் காதுலதான் இருக்கு, உங்க பங்கு பதினோராயிரத்து ஐநூறை அந்தம்மா தலையில ஏத்தித்தான் விலையே சொன்னேன். பேரம் பேசாத பார்ட்டிண்ணே, விட்டுடாதீங்க!"